கொரியாவுக்குப் போகாத சித்ரா

கூட்டேரிப்பட்டு பக்கத்து உருக்காலையில் வேணியும் சித்ராவும் கிரேன் ஓட்டினார்கள். ஆலையை விலைக்குக் கேட்டு வந்த கொரியக் கம்பெனிக்காரர்கள், சித்ரா ஓட்டும் அழகைப் பார்த்துவிட்டு, ஆலை கைமாறியதும் அவளைப் பயிற்சிக்குத் தங்கள் நாட்டுக்கு அழைத்துப்போவதாகச் சொன்னார்கள். வேலையில் மூத்தவளான வேணிக்கு வயிறு எரிந்தது.

ஆலையை வெளிநாட்டானுக்கு விற்கக்கூடாதென்று திண்டிவனத்தில் கட்சிக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். அதுவரை எந்தக் கூட்டத்துக்கும் போகாத வேணி மேடையேறி மைக்கைப் பிடித்தாள்.

"நம்ம கம்பெனிய எவனோ வாங்கிக்கினு போவான், நாம வேடிக்கை பாத்துக்கினு இருக்கணுமா?"

அந்தப் பேச்சு செல்போன்களில் பரவியது. தேர்தல் நெருங்கிய நேரம் என்பதால் எல்லாக் கட்சிகளும் விற்பனையை எதிர்த்தன. கொரியர்கள் பின்வாங்கினார்கள். தொழிற்சங்கம் வேணியைச் செயலாளராக்கியது.

பாராட்டுக் கூட்டத்தில் முதல் மாலையோடு வந்தவள் சித்ரா.

"ஃபாரின் போவ முடியலன்னு எனக்குக் கஷ்டந்தான், அக்கா. ஆனா நீ எல்லாருக்காகவுந்தான பேசின? சூப்பரா பேசின."

வேணி அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். அதில் குத்தல் எதுவும் இல்லை. இவள் இடத்தில் தான் இருந்தால் மாலை போட மனசு வந்திருக்காது என்று நினைத்தாள். சித்ராவின் அந்த மனசின் மேலும் அவளுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.