எண்பத்தெட்டாம் கட்டம்

என் மனைவியிடம் நான் ஒரு பொய் சொன்னேன். அதை நம்பித்தான் அவள் எங்கள் மூன்றாவது குழந்தையை வேண்டாம் என்றாள்.

இதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. என் இரண்டு பெண்களுக்கும் தெரியாது. மனைவி பத்மா போய் ஒன்பது வருடம் ஆகிறது. எனக்கு எண்பத்து நான்கு வயது. இனி யாரிடம் ஒளிப்பது? எதற்காக ஒளிப்பது? ஆனாலும் மேலே உள்ள இரண்டு வரிகளை எழுத எனக்கு ஒரு பகல் முழுதும் ஆயிற்று...

உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். புகழ்பெற்ற கணினி விளையாட்டுகளிலிருந்து கிளைத்து, யார் கண்ணிலும் படாமல் மறைந்துபோன சின்ன விளையாட்டுகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்களாம். உலகமே அறிந்த ஒரு கதாநாயகனைக் கொண்டுவந்து, தட்டச்சு சொல்லிக்கொடுக்க வைத்திருப்பார்களாம். என் இளைய பெண் மாலா சொன்னாள். "அப்பா, நீ பண்ணினதும் அதே ஜாதிதான். பரமபதத்தோட குட்டி! அதைப் பத்தி எழுதேன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், பாவம்.

எழுதுகிறேன். அவள் கேட்டது இதுவல்ல.

எழுபதுகளின் நடுவில் நந்தனத்தில் ஓர் அரசு அலுவலகத்தில், புள்ளிவிவரப் பிரிவில் இருந்தேன். பிறப்புகளைக் கூட்டுவது என் வேலை. வேலை அதுவாக இல்லாவிட்டாலும் எனக்கு எண்ணாமல் இருக்க வராது. தெப்பக்குளத்துப் படிகள், பஸ்ஸில் தொங்குபவர்கள், அப்பளக் கட்டில் அப்பளங்கள்... எண்ணி முடித்தால் ஒரு நிம்மதி.

அப்போது சுவருக்குச் சுவர் குடும்பக் கட்டுப்பாட்டின் சிவப்பு முக்கோணம். அளவான குடும்பத்தைப் பற்றி மக்களுக்குப் புரியும்படி புதிதாக ஏதாவது செய்யுங்கள் என்று மேலதிகாரி எல்லாரையும் கேட்டார். ஒருவர் நாடகம் என்றார். ஒருவர் வில்லுப்பாட்டு என்றார். நான் பரமபதம் என்றேன்.

பரமபதம் தெரியாதவர் யார்? வைகுண்ட ஏகாதசி வந்தால் மயிலாப்பூரில் அதை விரிக்காத வீடு உண்டா? எங்கள் வீட்டில் இருந்தது பத்மா தன் பிறந்தகத்திலிருந்து கொண்டுவந்த படம். நூற்று முப்பத்திரண்டு கட்டங்கள். மாதிரிக்கு என்று அதை வாங்கிக்கொண்டு போனேன். அலுவலக ஓவியர் பாம்புகளை மட்டும் வெட்டி எடுத்து ஒட்டிப் பார்த்தார். மீதி திரும்பி வரவில்லை. "போனாப் போறது, நீங்க புதுசா ஒண்ணு கொண்டு வரப்போறேளே" என்றாள் பத்மா.

என் படத்தில் நூறு கட்டங்கள். வைகுண்டம் இருந்த இடத்தில் ஓர் ஓட்டு வீடு, அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள், ஒரு சைக்கிள். ஏணிகளுக்குத் தடுப்பூசி, சேமிப்பு, படிப்பு என்று பெயர் வைத்தேன். பாம்புகளுக்கு இளவயதுக் கல்யாணம், கடன், சீட்டாட்டம். எல்லாவற்றிலும் நீளமான பாம்பு எண்பத்தெட்டாம் கட்டத்தில் வாயைத் திறந்துகொண்டிருந்தது. அதன் வால் ஏழில். அதன் பெயர், மூன்றாவது குழந்தை.

ஏன் எண்பத்தெட்டு? வீடு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் விழ வேண்டும், அப்போதுதான் வலிக்கும் என்று கணக்குப் போட்டு வைத்தேன். எவ்வளவு கெட்டிக்காரன்!

மேலதிகாரிக்குப் பிடித்துவிட்டது. பொருட்காட்சியில் ஆளுயரத்துக்கு எழுதி வைப்பதாகவும், அச்சடித்து வீடு வீடாகக் கொடுப்பதாகவும் முடிவாயிற்று. கீழே ஓரத்தில் என் பெயர் வரும். டெல்லியிலிருந்து ஒரு பெரியவர் வந்து வெளியிடுவார்.

அச்சுக்குப் போகுமுன் ஆடிப் பார்க்க வேண்டாமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்த ஓர் அறைப் போர்ஷனில் அதைத் தரையில் விரித்தேன். பெண்கள் உஷாவும் மாலாவும் ஒரு பக்கம். நானும் பத்மாவும் ஒரு பக்கம். அவள் எண்பத்து மூன்றில் இருந்தாள். தாயக்கட்டையை உருட்டினாள். ஐந்து.

எனக்கு ஒரே சந்தோஷம். பாம்பு சரியான இடத்தில்தான் இருக்கிறது!

அவள் தன் புளியங்கொட்டையை எண்பத்தெட்டில் வைத்துவிட்டு, இறக்காமல், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஏன்னா, உங்க பாம்பு ஆளைப் பார்த்துண்டுதான் கடிக்கறது."

"என்ன சொல்றே?"

"நாப்பது நாள் தள்ளிப் போயிருக்கு."

குழந்தைகளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அவள் முகத்தை இப்போதும் சொல்கிறேன்... அதில் கலக்கம் என்பது மருந்துக்கும் இல்லை. கையில் ஏதோ பழத்தை ஒளித்துவைத்துக் காட்டுகிற குழந்தையின் முகம் அது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "சரி, இறங்கு. ஏழுக்குப் போ" என்றேன்.

அன்றிலிருந்து மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. எதற்குப் பயந்தேன் என்று நினைக்கிறீர்கள்? சோற்றுக்கா? என் சம்பளத்தில் இன்னொரு வயிறு அடங்கும். இடத்துக்கா? அந்த ஓர் அறையில் ஐந்து பேர் படுக்கலாம், அளந்து பார்த்தேன். அப்படியானால் எதற்கு?

சிரிப்புக்கு!

பாம்பு வரைந்தவன் வீட்டிலேயே பாம்பு கடித்தது என்று அலுவலகம் சிரிக்கும். டெல்லிக்காரர் என் கையைக் குலுக்கும்போது பின்னால் யாராவது விரல்களை மடக்கிக் காட்டுவார்கள், ஒன்று, இரண்டு, மூன்று... அவ்வளவுதான். அந்தச் சிரிப்புக்குத்தான் பயந்தேன்.

இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். "வெட்கமாக இருக்கிறது, வேண்டாம்" என்று சொல்லியிருந்தால் அவள் திட்டியிருப்பாள், அழுதிருப்பாள், ஒருவேளை சம்மதித்தும் இருப்பாள். அது அவள் முடிவாக இருந்திருக்கும். நான் அதைக்கூட அவளுக்குக் கொடுக்கவில்லை.

நான்காம் நாள் சமையலறை வாசலில் நின்றுகொண்டு சொன்னேன்.

"ஆபீஸ்ல சர்க்குலர் வந்திருக்கு. மூணாவது பொறந்தா வேலையிலேர்ந்து எடுத்துடுவா."

அவள் அரிவாள்மணையிலிருந்து நிமிர்ந்தாள். "நிஜமாவா?"

"நானே படிச்சேன்."

"யாரையாவது எடுத்திருக்காளா?"

"ரெண்டு பேரை."

பாருங்கள், பொய்யிலும் எனக்கு எண்ணிக்கை வேண்டியிருந்தது! அப்படி ஒரு சர்க்குலர் வரவில்லை. ஒருவரையும் எடுக்கவில்லை. ஊரில் ஏதேதோ பேச்சு இருந்தது, அதில் ஒரு துண்டை எடுத்து நான் சொந்தமாகத் தைத்துக்கொண்டேன்.

அவள் வெண்டைக்காயை நறுக்கி முடித்தாள். பிறகு, "அப்போ என்ன பண்ணணும்?" என்று கேட்டாள்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு சின்ன மருத்துவமனை. கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டம் வந்துவிட்டிருந்தது, அதனால் மறைத்துச் செய்ய ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போட்டோம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு நான் எதிர்ச் சுவரின் பல்லிகளை எண்ணினேன். எத்தனை என்று நினைவில்லை. என் வாழ்க்கையில் நான் எண்ணி மறந்தது அது ஒன்றுதான்.

திரும்பும்போது, "பஸ் வேண்டாம், ரிக்‌ஷா கூப்பிடுங்கோ" என்றாள். ரிக்‌ஷாவில் என் தோளில் சாய்ந்துகொண்டாள். பகலில், தெருவில், அவள் அப்படிச் சாய்ந்ததே இல்லை. சிறிது தூரம் போனதும் என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"இனிமே வேலை போகாதோல்லியோ? கவலைப்படாதேங்கோ."

என்னைத் தேற்றினாள். அவள்... என்னை!

அப்போதாவது சொன்னேனா? இல்லை.

படம் வெளியாயிற்று. பொருட்காட்சியில் நான் மாலையோடு நின்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அச்சடித்த படங்கள் வீடு வீடாகப் போய், அடுத்த சில மாதங்களில் அலமாரித் தட்டுகளில் விரிப்பாகக் கிடந்தன. பரமபதத்தை எல்லாருக்கும் தெரியும். அதன் இந்தக் குட்டியை இன்று நினைவு வைத்திருப்பவர் யார்? எங்கள் குடும்பம் மட்டுந்தான்.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு மாலை. என் பிரிவிலேயே வேலை பார்த்த தேவராஜ் வீட்டுக்கு வந்தான். வடபழனிக்காரன். கையில் ஜாங்கிரிப் பொட்டலம், வாயெல்லாம் பல்.

"மாமி, மூணாவதும் பையன்தான்! எங்க நைனா பேரையே வச்சிட்டேன். வர்ற வெள்ளிக்கெழம வடபழனி கோயில்ல மொட்டை. நீங்க கண்டிசனா வரணும்."

பத்மா காபி டம்ளரை அவன் முன்னால் வைத்தாள். நிமிரவில்லை.

"ஆபீஸ்ல உங்களை ஒண்ணும் சொல்லலையா? மூணாவதுன்னு?"

"சொல்லாம இருப்பானுங்களா? இன்னாடா தேவராசு, சார் வரைஞ்ச பாம்பு வாயில போயி உழுந்துட்டியேன்னு ஒரு வாரம் ஓட்டிக்கினு இருந்தானுங்க. அப்பால ஆளுக்கு ரெண்டு ஜாங்கிரி துன்னுட்டு கம்முனு ஆயிட்டானுங்க."

"வேலைக்கு...?"

"வேலைக்கு இன்னா மாமி? அது பாட்டுக்கு கீது."

"ரெண்டு பேருக்குப் போயிடுத்துன்னு கேள்விப்பட்டேனே."

"ரெண்டு பேருக்கா? எந்த ஆபீஸ்ல?" தேவராஜ் என் பக்கம் திரும்பினான். "இன்னா சார், நம்ம ஆபீஸ்லயா? எனக்குத் தெரியாம?"

நான் என் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். காபியில் ஆடை படிந்துகொண்டிருந்தது.

நான் பயந்த சிரிப்பின் மொத்த ஆயுள் ஒரு வாரம். கவனித்தீர்களா? ஒரே ஒரு வாரம்!

அவன் போனான். பத்மா கதவைச் சாத்தினாள். இப்போது கேட்பாள், இப்போது கேட்பாள் என்று நின்றேன். கேட்டால் காலில் விழுந்துவிடுவது என்றுகூட நினைத்தேன். அவள் என் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள்.

"ஆறிப் போயிருக்குமே. சுட வெச்சுத் தரட்டுமா?"

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சாகும்வரை பேசவில்லை.

என்னோடு பேசாமல் இருந்தாள் என்று நினைக்காதீர்கள். எல்லாம் பேசினாள். பெண்களின் படிப்பு, கல்யாணம், என் சர்க்கரை, தண்ணீர் லாரி... சிரித்தாள்கூட. நான் காய்ச்சலில் கிடந்தபோது இரவெல்லாம் விழித்திருந்தாள். அந்த ஓர் அறையிலிருந்து இரண்டு அறைக்குப் போனோம், பிறகு அடையாறில் சொந்த வீட்டுக்கு வந்தோம். எத்தனை அறை வந்தும் எனக்கு நிற்க இடமில்லை. நான் ஆரம்பித்தால், தெரிந்துகொண்டே இத்தனை நாள் என்னோடு வாழ்ந்ததை அவள் ஒப்புக்கொள்ள வேண்டிவரும். ஆரம்பிக்காவிட்டால்... ஆரம்பிக்காமல்தான் இருந்தேன். அவளுக்காக வாயை மூடிக்கொண்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்யோ? எனக்கே தெரியவில்லை!

தேவராஜ் வந்துபோன அந்த வருடம் வைகுண்ட ஏகாதசி வந்தது. எங்களிடம் வேறு படம் இல்லை. அவள் பிறந்தகத்துப் படத்தைத்தான் நான் வெட்டக் கொடுத்துவிட்டேனே. அவள் அலமாரியிலிருந்து என் படத்தை எடுத்து, மடிப்புகளை நீவி, தானே தரையில் விரித்தாள்.

உஷா எண்பத்தெட்டில் விழுந்தாள். "ஐயோ!" என்று காயைக் கீழே இறக்கப் போனாள். பத்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அந்தப் பாம்பு நம்மாத்துல கடிக்காது. நீ அங்கேயே இரு."

"ஏம்மா?"

"கடிக்காதுன்னா கடிக்காது."

மாலாவும் அங்கே விழுந்தாள். அவளையும் கடிக்கவில்லை. பிறகு நான் விழுந்தேன். குழந்தைகளைப் போல நானும் காயை அங்கேயே விட்டேன்.

பத்மா என்னைப் பார்த்தாள். தேவராஜ் வந்த நாளுக்குப் பிறகு அவள் என்னை நேராகப் பார்த்தது அன்றுதான்.

"உங்களுக்குக் கடிக்கும். எறங்குங்கோ."

பெண்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். "அப்பாவுக்கு மட்டும் கடிக்கும்! அப்பாவுக்கு மட்டும்!" அவளும் சேர்ந்து சிரித்தாள். நான் இறங்கினேன்.

அதுவே எங்கள் வீட்டு விதி ஆயிற்று. மாப்பிள்ளைகள் வந்தார்கள், அவர்களைக் கடிக்கவில்லை. பேரக்குழந்தைகள் வந்தார்கள், அவர்களையும் கடிக்கவில்லை. அவள் கடைசியாக ஆடிய வருடம் கை நடுங்கிற்று. அப்போதும் நான் எண்பத்தெட்டில் விழுந்தபோது, சொல்லத் தெம்பில்லாமல், விரலால் ஏழைத் தொட்டுக் காட்டினாள்.

அவள் போன பிறகு நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை.

இந்த வருடமும் ஏகாதசிப் பிற்பகலில் உஷாவும் மாலாவும் வந்தார்கள். இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. தரையில் உட்கார முடியாமல் மேஜைமேல் படத்தை விரித்தார்கள். செலோபேன் ஒட்டி ஒட்டிப் படம் பழுப்பாகிவிட்டது. பாம்பின் வாய் மட்டும் இன்னும் சிவப்பு. நான் எண்பத்தைந்தில் இருந்தேன். மூன்று விழுந்தது.

"அப்பா, அம்மா ரூல்!" என்றாள் மாலா. தானே என் காயை எடுத்து ஏழில் வைத்தாள்.

உஷா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டாள். "இத்தனை வருஷம் கேக்கணும்னே தோணலை பாரு. ஏம்ப்பா உன்னை மட்டும் கடிக்கறது?"

இருவரும் என்னையே பார்த்தார்கள். இரண்டு பேர். எத்தனை தடவை எண்ணினாலும் இரண்டு பேர்தான்...

வாயைத் திறந்தேன்.

"யார் ஆட்டம் இப்போ? உருட்டு" என்றேன்.