நாய் என்று நான் எழுதிய நரிகள்

செத்துக் கிடப்பதை அள்ளுகிற வேலையில் ஒரே நிம்மதி, வாடிக்கையாளர் யாரும் புகார் சொல்ல வருவதில்லை. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே நாற்கரச் சாலையில் ரோந்து வண்டியில் போய், அடிபட்டதை மண்வாரியால் ஓரம் தள்ளிப் புதைப்பது என் பிழைப்பு. ஆரஞ்சு சட்டை போட்டு இதே பாடு படுகிறவர்களே, உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

எல்லாம் நாய்

பதிவேட்டில் மூன்று கட்டங்கள்: மாடு, நாய், காட்டு விலங்கு. மூன்றாவதில் எழுதினால் காட்டிலாகாவுக்குப் போன் செய்து, அவர்கள் வரும்வரை பிணத்துக்குக் காவல் நிற்க வேண்டும். அதனால் ஆறு வருஷமாக நரி, காட்டுப்பூனை, கீரி எல்லாமே என் கணக்கில் நாய்தான். முதல் நரியின்போது பேனாவோடு கொஞ்சம் தயங்கியது உண்மை. வண்டி ஓட்டும் செல்வம் டிபன் பாக்ஸைக் காட்டினான்: "நாய்னு எழுதிட்டு வாண்ணே, சோறு ஆறிக்கினு இருக்குது."

பேச்சுப் போட்டிப் பரிசு

என் மகளுக்குப் பள்ளியில் ஒரு புத்தகம் பரிசு கொடுத்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் ஊர் உயிரினங்களைப் பற்றி எழுதியதன் தமிழாக்கம். அவள் புரட்டவில்லை, நான் வண்டியில் வைத்துப் படித்தேன். பெரிய நகரம் ஒன்றில் ஒரு அம்மாள், தன் வீட்டுக் குப்பைத்தொட்டிப் பக்கம் வந்துபோகும் நரியைப் பற்றி ஏழு பக்கம் எழுதியிருந்தார். இன்னொரு ஊரில் மழை நாளில் ஆட்கள் வாளியோடு நின்று, சாலை தாண்டும் தேரைகளைப் பிடித்து எதிர்ப்பக்கம் விடுகிறார்களாம். இப்படியெல்லாம் எழுதலாம் என்றே எனக்கு அதுவரை தெரியாது. வெட்கமாக இருந்தது. செல்வத்துக்கு வாசித்துக் காட்டினேன். "அந்த ஊருல இதுக்கெல்லாம் சம்பளம் குடுக்கறாங்களாண்ணே?" என்றான்.

குழாய்ப் பாலம்

அதற்குப் பிறகுதான் அள்ளுவதைக் கவனித்துப் பார்த்தேன். விக்கிரவாண்டிக்கு முன்னால் ஒரே இடத்தில்தான் நிறையச் சாகின்றன. ஒரு பக்கம் கரும்புக் கொல்லை, எதிர்ப்பக்கம் ஏரி. சாலைக்கு அடியில் குழாய்ப் பாலம் ஒன்று உண்டு; மண்ணும் எச்சில் இலையும் அடைத்து, எலிகூட நுழைய முடியாது.

ஒரு நாள் காலை அங்கே பெண் நரி கிடந்தது. பால் கட்டி மடி கனத்திருந்தது. கரும்புக்குள் குட்டிகள் இருக்கும், தாயைத் தேடி ரோட்டுக்கு வரும் என்று பயந்தேன். ஆனாலும் பழக்கதோஷம், குழியை மூடியதும் கை நாய் என்றே எழுதிவிட்டது. நேராக சூப்பர்வைசரிடம் போய், பாலத்தைத் தூர்வாரச் சொல்லி மன்றாடினேன். அவர் கோபப்படவில்லை. என் பதிவேட்டைப் புரட்டினார். "காலைல எழுதுனதுகூட நாய்தானப்பா. ஆறு வருசமா இங்க ஒரு நரி சாவல, நான் மேல என்னன்னு கேக்கறது?"

லீவு நாள்

நானும் செல்வமும் எங்கள் லீவு நாளில் தோண்டினோம். பாதிக்கு மேல் கை எட்டவில்லை. உள்ளே சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடந்தது. அதற்கு மூன்றாம் நாள் காலை, அதே இடத்தில் இரண்டு குட்டிகள் அடிபட்டுக் கிடந்தன, பக்கத்துப் பக்கத்தில். அழுதேன். மண்வாரியை எடுக்கப் போனபோது செல்வம் அதைப் பிடுங்கி வண்டிக்குள் போட்டுவிட்டு, பதிவேட்டை என் கையில் வைத்தான். "ரெண்டும் நரின்னு எழுதுண்ணே. அவங்க வர்றவரைக்கும் நின்னுக்கினு இருப்போம்."

ஆக, புத்தகம் படித்து நான் கண்ட லாபம், குட்டிகளும் போன பிறகு ஒரே ஒரு வரி உண்மை எழுதி, அதற்கு வெயிலில் காவல் நின்றதுதான்.