ஆறுதல் சொல்லப் போய் நான் பட்ட பாடு

மாதா கோயில் உபதேசியார் வேலைக்கு நல்ல குரல், நல்ல சைக்கிள், துக்க வீட்டு வாசலில் கால் நடுங்காத தைரியம் மூன்றும் வேண்டும். எனக்குச் சைக்கிள் மட்டும் இருந்தது. இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிய சமயம் அது. குளத்தூர்ப் பக்கத்தில் யார் வீட்டில் சாவு என்றாலும், பங்குச் சாமியார் "போய் ஆறுதல் சொல்லிவிட்டு வாரும்" என்று என்னைத்தான் அனுப்புவார். இதே வேலை பார்த்தவர்களே, இதைப் படித்துச் சிரிப்பு வந்தால் நீங்களும் அந்தப் பாட்டைப் பட்டவர்கள்தான்.

பால் தராத எருமை

அருளாயியின் புருஷன் இறந்த மூன்றாம் நாள் போனேன். மோட்சத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "முடிஞ்சிருச்சுங்களா? அப்படியே இந்த எருமையக் கொஞ்சம் கறந்து குடுங்க. அவுக கை பட்டாத்தான் பால் எறக்கும். மூணு நாளா மடி கட்டிப்போயி கத்துது" என்றார்.

நான் எருமைப் பக்கம் போனதே இல்லை. முதல் உதையில் செம்பு பறந்தது, அடுத்ததில் நான். அருளாயி உள்ளே போய்ப் புருஷனுடைய சட்டையையும் தலைத் துண்டையும் கொண்டுவந்தார். கொடுக்கும்போது கை தயங்கியது. போட்டுக்கொண்டேன். "அவுக பாடிக்கிட்டே கறப்பாக" என்றார். எனக்குத் தெரிந்தது கோயில் பிரார்த்தனை ராகம் ஒன்றுதான். நான் புனிதர்களின் பேர்களை வரிசையாகப் பாட, அருளாயி பழக்கத்தில் பதில் பாட, எருமை துண்டை முகர்ந்து பார்த்துவிட்டுப் பாலை விட்டது.

அருளாயிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்து, அப்படியே அழுகையாகிவிட்டது. சாவன்றுகூட அவர் அழவில்லையாம். நான் செம்போடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எருமைக்கு ஆறுதல் சொல்லிட்டீங்க. எனக்குச் சொல்ல நாளைக்கு வாங்க."

பெரியவன் போய்விட்டான்

அன்னவாசலுக்கு அந்தப் பக்கம் சவரிமுத்து வீட்டிலிருந்து "பெரியவன் போயிட்டான்" என்று சேதி வந்தது. மூத்த மகன் என்று நினைத்து, வழியெல்லாம் அழுதுகொண்டே மிதித்தேன். வாசலில் நின்ற மீசைக்காரரைக் கட்டிக்கொண்டு, "ஒங்க வீட்டு மூத்த மகன்..." என்று விம்மினேன். "அது நான்தாங்க" என்றார் அவர். செத்தது பெரியவன் என்ற பேருடைய உழவு மாடு.

சிரிப்பை அடக்கத் தொண்டையைச் செருமிக்கொண்டு உள்ளே போனேன். சவரிமுத்து நுகத்தடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. என் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அந்த மாடு கன்றாக வந்த கதையிலிருந்து கேட்டேன். சாயங்காலம் கஞ்சி குடித்தார். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்: "மாட்டுக்குப் போயி அழுவுறியேன்னு ஊரே சிரிக்குது. நீங்க ஒருத்தருதான் ஐயா அழுதுக்கிட்டே வந்தீங்க."

அழுகையில் முந்தியவர்

என்னுடன் வேலை பார்த்த ஞானப்பிரகாசத்துக்கு இளகிய மனசு. ஒரு சாவு வீட்டில் அவர் அழுத அழுகையில், தகப்பனைப் பறிகொடுத்த மூன்று பெண்களும் தங்கள் அழுகையை நிறுத்திவிட்டு, ஒருத்தி விசிற, ஒருத்தி தண்ணீர் கொடுக்க, ஒருத்தி முதுகைத் தடவ, அவரைத் தேற்றவே பொழுது போய்விட்டது. இத்தனைக்கும் செத்தவரை அவர் முன்பின் பார்த்ததே இல்லை. மூத்தவள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "அண்ணே, அவர அங்கிட்டுக் கூட்டிட்டுப் போங்க. நாங்க எங்க அப்பாவுக்குக் கொஞ்சம் அழணும்."

சொல்லக்கூடாத பேர்

மரியாயியின் எட்டு வயது மகள் அன்னம்மா காய்ச்சலில் இறந்து ஆறு மாதம். அந்த வீட்டில் அவள் பேரை எடுக்கக்கூடாது என்று ஊரே பேசி வைத்திருந்தது. நானும் அதையே உருப்போட்டுக்கொண்டு போனேன். ஆனால் முன்பெல்லாம் நான் போனால் அந்தப் பிள்ளைதான் ஓடிவந்து சைக்கிளைப் பிடிக்கும். பழக்கதோஷத்தில், "அன்னம்மா, சைக்கிளப் பிடி!" என்று கத்திவிட்டேன். கத்திய பதற்றத்தில் சைக்கிளோடு குப்பைக் குழியில் விழுந்தேன்.

மரியாயி ஓடிவந்து தூக்கிவிட்டார். சாணி வழிய நின்று மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் என் கையை விடவில்லை. "ஆறு மாசமா எம்புள்ள பேர ஒரு சனம் சொல்லல ஐயா. இன்னொரு தடவ கூப்புடுங்க."

இத்தனை வருஷத்தில் நான் தயாரித்துக்கொண்டு போன ஆறுதல் எதுவும் யாருக்கும் ஞாபகமில்லை, நான் வந்தது மட்டும்தான் ஞாபகமிருக்கிறது என்கிறார்கள். பேசிப் பேசித் தொண்டை கட்டியதுதான் எனக்கு மிச்சம்.