நகர மறுத்த தடுப்பு

அந்தப் பலகைத் தடுப்பை ஒரு விரலால் தள்ளலாம். கீழே சக்கரங்கள், மேலே அது ஓடுவதற்கு ஓர் இரும்புப் பட்டை. தள்ளினால் இரண்டு வகுப்பறைகள் ஒரே கூடமாகும்; இழுத்தால் மறுபடி இரண்டு. திருத்தணியில் அந்தத் தொடக்கப் பள்ளியை நான் வடிவமைத்த காலத்தில் ஆண்டுதோறும் பிள்ளைகள் கூடிக்கொண்டிருந்தார்கள். பொதட்டூர்பேட்டை நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள்கூடப் பேருந்தேறி வந்தார்கள். எத்தனை பேர் சேர்ந்தாலும் இடிக்காமல் மாற்றிக்கொள்ளும் கட்டடம் வேண்டும் என்று கேட்டவர் தலைமையாசிரியை. எந்தச் சுவர் நகரும், எது நகராது, மாடியில் என்ன கட்டலாம் என்று வரைபடத்தை விரித்து என்னைக் குடைந்தெடுத்தார். தகரக் கூரை போட்ட லேசான அறையைத்தான் மாடி தாங்கும் என்றேன்.

சில ஆண்டுகள் கழித்து, ஒரு மழைக்காலக் காலையில், அரக்கோணத்தில் என் அலுவலகத்துக்கு அவர் போன் செய்தார். "சார், தடுப்பு நவுறலங்க. நேத்துலேர்ந்து மொரண்டு புடிக்குது." மழையில் பலகை உப்பியிருக்கும், எண்ணெய் போடுங்கள் என்றேன். வேலை மும்முரத்தில் வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை. அந்த அரை நிமிடப் பேச்சு இன்றுவரை என்னை உறுத்துகிறது.

மறுநாளும் அழைத்தார். குரல் தாழ்ந்திருந்தது. "எண்ணெ ஊத்தியும் அசையலங்க. மேலேர்ந்து அமுக்குறாப்பல இருக்குது. தாளாளர் மாடியில செங்கல் வெச்சி ரூம்பு கட்டிகினு இருக்காரே, உங்களுக்குச் சொல்லலியா?"

சொல்லவில்லை. செங்கல் பாரத்தில் உத்தரம் தொய்ந்து பலகையின்மேல் உட்காரத் தொடங்கிவிட்டது. "பசங்கள வெளிய கூட்டினு வந்துடுங்க மேடம்."

"ஆங், கூட்டினு வந்துட்டுதான் பேசறேன். கொத்தனாருங்களையும் எறக்கிட்டேன். பெத்தவங்க பாத்தா ஸ்கூல் பேரு கெட்டுடும்னு தாளாளர் கத்தறாரு."

பைக்கில் நான் போய்ச் சேர்ந்தபோது தூறிக்கொண்டிருந்தது. பிள்ளைகளை உள்ளே அனுப்பச் சொல்லித் தாளாளர் நின்றார். இரு கைகளையும் விரித்து வாசலை மறித்துத் தலைமையாசிரியை நின்றார். உள்ளே விறகு முறிவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. அவர் வாசலை விட்டு ஓடிவந்தார். அடுத்த கணம் கூரை மொத்தமாக இறங்கியது. எழுந்த புழுதியில் எதிரே இருந்த மலை மறைந்தது.

வருகைப் பதிவேடு உள்ளே புதைந்துவிட்டது. தலைமையாசிரியை பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, நினைவிலிருந்தே ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். "உள்ளேன் அம்மா" என்ற குரல்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒரு பெயருக்கு மட்டும் பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். தாளாளர் இடிபாட்டைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டார். மூன்றாம் முறை கூப்பிட்டபடியே தலைமையாசிரியை இடிபாட்டை நோக்கி நடந்தார்.

பின்வரிசையில் ஒரு சிறுமி கையைத் தூக்கினாள். "அவ இன்னிக்கி வரல டீச்சர். அவுங்க நைனாகூட ஊருக்குப் போயிக்கிறா."

தலைமையாசிரியை ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.