இரண்டு பத்தாம் தேதிகள்

வக்கீல் குமாஸ்தாவுக்குச் சட்டம் தெரிய வேண்டியதில்லை, தேதி தெரிந்தால் போதும் என்பார்கள். எழுபதுகளில் செங்கல்பட்டில் ஒரு வக்கீலிடம் ஒன்பது வருஷம் தேதி பார்த்துப் பிழைத்தவன் நான். யார் எப்போது வருவார், யாருக்கு என்றைக்கு வாய்தா என்று டைரியும் கையுமாக மண்டையை உடைத்துக்கொண்ட சகோதர சகோதரிகளே, இது உங்களுக்குத்தான். மற்றவர்களுக்குப் புரியாது, புரிந்தாலும் நம்மேல் இரக்கம் வராது.

ஒரே காலை, இரண்டு கோர்ட்

என் வேலை சின்ன வேலை. கோர்ட்டில் அடுத்த வாய்தாவுக்கு ஒரு தேதி சொல்வார்கள். வக்கீல் சார் திரும்பி என்னைப் பார்ப்பார். நான் டைரியைப் புரட்டி, அந்த நாள் காலியாக இருந்தால் தலையாட்ட வேண்டும். பிறகு குறித்துக்கொண்டு கட்சிக்காரரிடம் சொல்லி அனுப்ப வேண்டும். அவ்வளவுதான்.

சேர்ந்த முதல் மாதம், டைரியில் காப்பி சிந்தி இரண்டு பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. நான் பார்க்கவில்லை. தாராளமாகத் தலையாட்டிவிட்டேன். அன்றைய தினம் வந்தபோது ஒரே காலையில் இரண்டு கோர்ட்டில் சாட்சி விசாரணை. கறுப்பு அங்கி பறக்க, இந்தக் கட்டடத்துக்கும் அந்தக் கட்டடத்துக்கும் ஓட்டமும் நடையுமாக அலைந்த வக்கீல் சார், மூன்றாவது தடவை என்னைக் கடக்கும்போது மூச்சு வாங்க நின்றார். “ஏன்யா, கோர்ட்டு ரெண்டு, வக்கீல் ஒண்ணு. இந்தக் கணக்காவது உனக்கு வருமா?”

வெள்ளி ராவு

காதர் பாய்க்குக் கடைத்தெருவில் இரும்புக்கடை. கட்டடக்காரர் கடையைக் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டிருந்தார். வக்கீல் சாரைப் பார்க்க வெள்ளிக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு வரச் சொன்னேன். “வெள்ளி ராவுதானே தம்பி?” என்றார். “ஆமாம் பாய்” என்றேன். வியாழக்கிழமை ஏழு மணிக்கு வந்து நின்றார். வக்கீல் சார் குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

அவர்கள் வழக்கத்தில் சூரியன் மறைந்தால் மறுநாள் பிறந்துவிடும். வியாழன் பொழுது சாய்ந்ததுமே வெள்ளி ராவு. இது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். தெரிந்ததும் என்ன செய்தேன்? சிரித்தேன். பத்து பேரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் உறுத்துகிறது. ஆளுக்கு ஆள் நாள் கணக்கு வேறு என்பது அன்றைக்கே என் மண்டையில் ஏறியிருக்க வேண்டும். குடையை மடக்கிக்கொண்டே பாய் சொல்லிவிட்டுத்தான் போனார்: “நான் கேட்டுட்டுத்தானே வந்தேன் தம்பி? இன்னொரு வாட்டி யாராச்சும் கேட்டா, ஆமான்றதுக்கு முன்னாடி இன்னா கேக்குறாங்கன்னு கேளுங்க.”

அடுத்த மாதம் பத்தாம் தேதி

கன்னியம்மா மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்தில் இருந்தவர். ஐம்பது வயது இருக்கும். கட்டுமரத்தில் போன புருஷன் திரும்பி வரவில்லை. அண்ணன் இருந்தவரை வாய் திறக்காத கொழுந்தன், வீடும் வீட்டு மனையும் தனக்கே என்று வழக்குப் போட்டான். கன்னியம்மாவுக்கு அந்த வீட்டை விட்டால் தனக்கென்று வேறு போக்கிடம் கிடையாது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் முதல் பஸ்ஸில் வந்து, காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டுத்தான் ஆபீஸ் படியேறுவார்.

ஆகஸ்ட் கடைசி வாரம் அது. அவர் சாட்சி சொல்ல வேண்டிய நாள் செப்டம்பர் பத்து என்று கோர்ட்டில் சொன்னார்கள். டைரியில் சரியாகத்தான் குறித்தேன். “எப்ப நைனா வரணும்?” என்றார். “அடுத்த மாசம் பத்தாந்தேதி” என்றேன். “அட்த்த மாசமா? பொறந்து பத்தாந்தேதியா?” என்று திருப்பிக் கேட்டார். எனக்குச் சாப்பாட்டு நேரம். “ஆமாம்மா, ஆமாம்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். எனக்கு அடுத்த மாதம் செப்டம்பர். அவருக்கு நடந்துகொண்டிருந்தது ஆவணி. அடுத்த மாதம் புரட்டாசி. என் பத்தாம் தேதிக்கும் அவர் பத்தாம் தேதிக்கும் நடுவே பதினாறு நாள்.

செப்டம்பர் பத்து அன்று டவாலி மூன்று தடவை பெயரைக் கூப்பிட்டார். வராண்டாவில் கன்னியம்மா இல்லை. வக்கீல் சார் இன்னொரு வாய்தா கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. வழக்கு எக்ஸ்பார்ட்டி ஆயிற்று. அதாவது, அவர் பக்கத்தைக் கேட்காமலே கொழுந்தனுக்குத் தீர்ப்பாகிவிட்டது. புரட்டாசி பத்தாம் தேதி காலையில், துவைத்து மடித்த நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, சாட்சிக்கு இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். “இன்னா நைனா, கோர்ட்டு இன்னும் தொறக்கலியா? நாங்கதான் வெரசா வந்துட்டமா?”

எங்கள் தொழிலின் ஜுரம்

தவறிப்போன வாய்தாவுக்கு எங்கள் தொழிலில் ஒரே காரணம்தான்: விஷ ஜுரம். கோர்ட்டில் கிடக்கும் மனுக்களையெல்லாம் நம்பினால் எங்கள் ஜில்லாவில் ஒருத்தர்கூட உயிரோடு இருக்க முடியாது. எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி முப்பது நாளுக்குள் மனுப் போடலாம். நாள் இருந்தது. தக்க காரணம் வேண்டும். “அந்தம்மாகிட்ட தேதி சொன்னியா இல்லையா?” என்று வக்கீல் சார் கேட்டார். “சொன்னேன் சார்” என்றேன். அதில் பொய்யே இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். ஆவணி, புரட்டாசி என்று சாரிடம் இன்னும் இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் அவரே அதைக் காரணமாக எழுதியிருப்பார். வேலை போய்விடும் என்று பயந்தேன். வழக்கம்போல விஷ ஜுரம் என்று நானே எழுதி, படித்துக்கூடக் காட்டாமல் கன்னியம்மாவிடம் கைநாட்டு வாங்கினேன்.

விசாரணை அன்று எதிர்த்தரப்பு வக்கீல், “எத்தனை நாள் ஜுரம்?” என்று கேட்டார். “ஜொரமா? எனுக்கா? நான் நல்லாத்தான கீறேன்” என்றார் கன்னியம்மா. பின்னே ஏன் வரவில்லை என்று நீதிபதி கேட்டார். கூண்டிலிருந்து அவர் கண் என்னைத் தேடியது. நான் குனிந்து, ஒழுங்காகக் கட்டியிருந்த கேஸ் கட்டை அவிழ்த்து மறுபடியும் கட்டிக்கொண்டிருந்தேன். “பத்தாந்தேதின்னாங்க சாமி, பத்தாந்தேதிதான் வந்தேன்” என்றார். சொன்னது யார் என்று அவர் சொல்லவில்லை. நானும் எழுந்து நிற்கவில்லை. மனுவில் ஒன்று, வாயில் ஒன்று என்று மனு தள்ளுபடி ஆயிற்று. படியிறங்கும்போது வக்கீல் சார் சொன்னார்: “உண்மை பேசற கட்சிக்காரிக்குப் போய்ப் பொய் மனு எழுதிக் குடுத்தியேய்யா!”

காலண்டர்

மேல் கோர்ட்டுக்குப் போக கன்னியம்மாவுக்குத் தெம்பில்லை. தை பிறப்பதற்குள் வீட்டைக் காலி செய்துகொண்டு, கோவளம் பக்கம் மகள் வீட்டோடு போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். இரண்டு வருஷம் கழித்து மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில், கருவாட்டுக் கூடையோடு எதிரே உட்கார்ந்திருந்தார். ஓடி ஒளிய இடமில்லை. ‘தப்பு என்னுடையதம்மா’ என்பது தொண்டை வரை வந்தது. “நல்லா இருக்கீங்களா” என்பதுதான் வெளியே வந்தது. கூடையைத் தள்ளி வைத்து, எனக்கு உட்கார இடம் விட்டார். “என்னாலதான அன்னிக்கு ஒனுக்குக் கோர்ட்டுல கெட்ட பேரு? இப்ப எம்பொண்ணு வூட்ல காலண்டரு மாட்டிகீது நைனா, இனிமே நான் தேதி தப்ப மாட்டேன்.”

அதற்கப்புறம் யாருக்குத் தேதி சொன்னாலும் இங்கிலீஷ் மாதம், தமிழ் மாதம் இரண்டையும் சீட்டில் எழுதிக் கொடுத்தேன், ஒருத்தரும் வாய்தா தவறவில்லை. கன்னியம்மாவிடம் நான் சொல்லவேண்டிய அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இன்றுவரை வாய்தா மேல் வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறேன்.