காலி இடத்துக்குப் பிடித்த குடை

1985 ஏப்ரல் 25, வியாழக்கிழமை, காலை ஐந்து ஐம்பது. தூறல், குளிர்காற்று. முதல் உலகப் போரில் நியூசிலாந்துப் படை துருக்கியின் கலிப்போலிக் கரையில் இறங்கிய எழுபதாம் ஆண்டு நினைவுக்காக, ஓக்லாந்தில் எங்கள் வீட்டருகே இருந்த நினைவுத்தூணுக்குப் போயிருந்தேன். நனையவே கூடாதென்று டொக்டர் சொல்லியிருந்ததால் குடையும் கையில் இருந்தது.

முன்வரிசையில் பழைய படைவீரர்கள் நின்றார்கள். எண்ணினேன், ஏழு பேர். ஓரத்தில் நின்றவருக்குத் தொண்ணூறு வயதிருக்கும். நரைத்த மீசை, கோட்டு நிறையப் பதக்கங்கள். அவருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்குமளவு இடம் காலியாகக் கிடந்தது. வரிசையில் இடைவெளி இருந்தால் எனக்குப் பொறுக்காது. போய் நின்றேன்.

"அது என் கூட்டாளியின் இடம்," என்றார் ஆங்கிலத்தில்.

"இன்னும் வரவில்லையே?"

"வரமாட்டான். வருஷா வருஷம் நான்தான் இடம் பிடித்து வைக்கிறேன்."

விலகினேன். மழை வலுத்தது. குடையை அவர் தலைக்கு மேல் நீட்டினேன். அவர் அதை அந்தக் காலி இடத்தின் பக்கம் தள்ளிவிட்டார்.

"அவனுக்குப் பிடியும். படகிலிருந்து கழுத்தளவு தண்ணீரில் குதித்தான். புதுச் சப்பாத்து நனைந்துவிட்டதென்று கரை வரைக்கும் என்னைத் திட்டிக்கொண்டே வந்தான். காய்வதற்கு அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை."

இறந்தவர்களுக்காக ஊதிய ஊதுகொம்பு ஓயும்வரை குடையை அங்கேயே பிடித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டில் மனைவி தலை துவட்டத் துவாயோடு வந்தாள். "குடை கொண்டு போயும் தெப்பமா நனைஞ்சு வாறியளே! குடைக்குள்ள ஆர் நிண்டது?"

"ஒராள். பேர் கேக்க மறந்திட்டன்."

அடுத்த கிழமை டொக்டருக்கும் இருமல் பாணி மருந்துக்குமாகப் பதினெட்டு டாலர் நாற்பது சதம் செலவு.