கடைசிப் பக்கத்திலிருந்து மாமல்லபுரம்

காலை 10.10. செங்கல்பட்டு பேருந்து நிலையத்தில் மாமல்லபுரம் வண்டி ஏறினேன். டிக்கெட் இருபத்தெட்டு ரூபாய். தூரம் முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. செங்கல்பட்டிலேயே பிறந்து வளர்ந்தவன் மாமல்லபுரத்தை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்றால் யாரும் நம்புவதில்லை. பள்ளிச் சுற்றுலா போன வருடம் எனக்கு அம்மை போட்டிருந்தது, அப்புறம் அப்படியே விட்டுப்போச்சு. ஆனால் பார்க்காத அந்த ஊரை வைத்து ஒரு முழுப் புத்தகமே வரைந்திருக்கிறேன். திமிர்தான், வேறென்ன.

புத்தகம் என்றால் மாங்கா, ஜப்பான்காரர்களின் படக்கதை. வாடகைக்கு பைக் விடும் ஒருத்தன், வண்டி எடுக்க வரும் ஒரு அசடு. முதலில் முன்பின் தெரியாதவர்கள், நடுவில் வண்டியைக் கீழே போட்டு ஒரு சண்டை, கடைசியில் காதல். சிரிக்கச் சிரிக்கத்தான் வரைந்தேன். அந்தப் பைக் கடைக்காரன் என் ரஃபி. நாவலூர் ஆபீஸில் இரண்டு வருடம் எனக்குப் பக்கத்து நாற்காலி. வேலையை விட்டுவிட்டு, மாமல்லபுரத்தில் குடும்பத்தின் வாடகை வண்டிக் கடையைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டான். அசடு யார் என்று சொல்ல வேண்டியதில்லை. வாயால் சொல்லத் தைரியம் இல்லாததை அச்சடித்து கூரியரில் அனுப்பினேன். அதற்கப்புறம் போன் இல்லை, மெசேஜ் இல்லை. நேற்றுதான் ஒரு வரி வந்தது: "புக்கை வந்து வாங்கினு போ." அவன் இனி எனக்கு உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பயணம்.

திருக்கழுக்குன்றத்தில் கூட்டம் மொத்தமும் இறங்கிவிட்டது. மிச்ச தூரம் கண்டக்டரும் நானும்தான். அவர் தூங்கிவிட்டார்.

11.25. மாமல்லபுரம். இறங்கியவன் அப்படியே நின்றுவிட்டேன். எதிரில் நீலத் தகரம் போட்ட டீக்கடை. வாசலில் ஒரு பக்கம் உடைந்து செங்கல் முட்டுக் கொடுத்த சிமெண்ட் பெஞ்சு. அடியில் காது அறுந்த வெள்ளை நாய். என் கதையில் இருவரும் சேர்ந்து டீ குடிக்கும் கடைசிப் படம்! போட்டோ பார்த்து வரைந்ததல்ல, மனசுக்கு வந்ததை வரைந்தது. நாய் என்னைப் பார்த்து வாலாட்டியது.

"இன்னா தம்பி, இன்னிக்குத் தனியா வந்துகீறே? கூட வர்ற பையன் எங்க?" என்றார் டீக்கடை அக்கா.

"நான் இந்த ஊருக்கே வந்ததில்லக்கா."

"அட, வெளாடாத. டெய்லி ரெண்டு பேரும் அந்தப் பெஞ்சுலதான குந்தினுகீறீங்க?"

நான் சொல்லாமலே சர்க்கரை போடாத டீயை நீட்டினார். நான் குடிப்பது அதுதான். பன்னிரண்டு ரூபாயைக் கொடுத்துவிட்டுப் பாதி டீயோடு கிளம்பினேன்.

உச்சி நேரத்தில் ஆளில்லாத இடத்தில் நிற்காதே என்பார் அம்மா. கிண்டல் செய்திருக்கிறேன். கலங்கரை விளக்கத்துக்குப் போகும் தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. சிற்பப் பட்டறைகளில் கல் செதுக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் உள்ளே யாரும் இல்லை. நடுத்தெருவில் ஒரு மஞ்சள் ஸ்கூட்டர் சாய்ந்து கிடந்தது, ஒரு பக்கக் கண்ணாடி நொறுங்கி. பின்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. ஓட்டியவனைக் காணோம். அது என் சண்டைப் பக்கம். அப்போதுதான் உறைத்தது, கதை பின்னாலிருந்து நடக்கிறது. இப்படியே போனால் ரஃபியின் கடையில் இருப்பது முதல் பக்கம். அதில் அவனுக்கு என்னைத் தெரியாது. திரும்பிவிடலாம் என்று நினைத்தேன், கால் கேட்கவில்லை.

12.05. கல்லாவில் இருந்த ரஃபி நிமிர்ந்து பார்த்தான்.

"சொல்லுங்க சார், வண்டி வேணுமா?"

நான் எழுதிய முதல் வசனம், எழுத்துப் பிசகாமல்.

"டேய் ரஃபி, நான்டா."

"தெரிது." புத்தகத்தை மேசைமேல் எறிந்தான். "நீ எழுதனததான் சொன்னேன். மொதல்ல ஒண்ணா குந்தினு டீ குடிக்கிறானுங்க, அப்பால சண்ட, கடைசியில 'சொல்லுங்க சார்'. புடிக்கலன்னா நேரா சொல்லியிருக்கலாமே மச்சான். கழட்டி வுட ஒரு புக்கா போடுவாங்க?"

மாங்காவை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். அசல் மாதிரியே இருக்கட்டும் என்று நானும் அப்படித்தான் வரைந்திருந்தேன். இவன் நம்ம ஊர்ப் புத்தகம் மாதிரி இடப்பக்கம் திறந்து, முடிவிலிருந்து ஆரம்பித்திருக்கிறான். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அவன் அக்கா நஸ்ரின் வந்தார். வலமிருந்து இடமாகப் போகும் அரபியில் தெருப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதச் சொல்லிக்கொடுப்பவர்.

"நீதான்டா தலகீழா படிச்சிகினுகீறே. வலப்பக்கத்துலேர்ந்து பொரட்டு. ஓதற பழக்கம், நான் எடுத்ததுமே அப்படித்தான் பொரட்டனேன்."

அப்படியானால் முழுக் கதையும் அவருக்குத் தெரியும்.

"படிடா," என்றார்.

ரஃபி நின்றபடியே புரட்டினான். நடுவில் ஓரிடத்தில் சிரித்துவிட்டான். கடைசிப் படத்தில் விரல் நின்றது.

"இந்தப் பெஞ்சு உனுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுடா. சும்மா வரைஞ்சேன்."

"டெய்லி அங்கதான் குந்துவேன். தனியாத்தான்." புத்தகத்தை மூடினான். "பக்கத்துல நீ கீற மாதிரி நெனச்சுகினு."

டீக்கடை அக்கா கேட்டதைச் சொன்னேன். அவன் கை மயிர் சிலிர்த்ததைக் கண்ணால் பார்த்தேன்.

"நானும்தான்டா, லூசு," என்றான் கடைசியில், தரையைப் பார்த்துக்கொண்டு. சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

நஸ்ரின் அக்கா புத்தகத்தை என் பையில் திணித்தார். "இது இங்க இருக்கக் கூடாது. எங்கம்மாவும் ஓதறவங்க. எடுத்தா சரியாத்தான் படிப்பாங்க." வாசல் வரை வந்து, "நீ வரலாம்பா, பொஸ்தகம்தான் வேணாம்," என்றார்.

மாலை 4.15. ரஃபியே பஸ் ஏற்ற வந்தான். பெஞ்சில் உட்காரலாமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். பெஞ்சு காலியாகத்தான் இருந்தது, ஆனால் நாய் அதைப் பார்த்து வாலாட்டிக்கொண்டிருந்தது.

வழியெல்லாம் நஸ்ரின் அக்கா சொன்னதையே நினைத்துக்கொண்டு வந்தேன். எங்கள் வீட்டில் அந்தப் பயம் இல்லை. மிச்சப் பிரதிகள் டிவி பக்கத்திலேயே கிடக்கின்றன. வலப்பக்கத்திலிருந்து படிக்கிறவர்கள் எங்கள் வீட்டில் யாரும் இல்லை.

5.40க்கு வீட்டுக்குள் நுழைந்தேன். அம்மா மடியில் ஒரு பிரதி இருந்தது. கண் கலங்கியிருந்தது.

"பாவம்டா, நல்லாத்தான இருந்தானுங்க ரெண்டு பேரும்? எதுக்குடா பிரிச்சு வெச்சே?"

புத்தகத்தை வாங்கி, திருப்பி, மறுபடி அவர் மடியிலேயே வைத்தேன்.

"இந்தப் பக்கத்துலேர்ந்து படிம்மா," என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.